வெள்ளிக்கிழமை விரதம் திரும்பி வருமா?

வெள்ளிக்கிழமை என்றால் கத்தோலிக்கர் வீட்டு அடுப்பில் மீன்தான் என்பது மேல்நாடுகளில் பழகிப்போன பேச்சு. அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டோடு அது பெரும்பாலும் பழங்கதையாகிவிட்டது. அந்தப் பழைய விரதத்தை மீண்டும் கொண்டுவந்தால் என்ன என்ற யோசனை இப்போது எழுந்திருக்கிறது. 2024 நவம்பரில் அமெரிக்க பிஷப்புகள் பால்ட்டிமோர் நகரில் கூடியபோது, உக்ரேனியக் கத்தோலிக்கப் பிரிவின் ஆர்ச் பிஷப் போரிஸ் குட்ஸியாக் இதை எடுத்துச் சொன்னார். வெள்ளிக்கிழமைதோறும் மாமிசத்தை விட்டால் ஆன்மாவுக்கும் நல்லது, பூமிக்கும் நல்லது என்பது அவர் கட்சி.

யோசனை சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த விரதத்தின் கதையைச் சற்றுப் புரட்டிப் பார்த்தால், ஒருமுறை அவிழ்த்துவிட்ட கட்டை மறுபடி போடுவது அவ்வளவு எளிதல்ல என்பது விளங்கும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைப் போக்கிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை மீன் உண்ண வேண்டும் என்று திருச்சபை ஒருபோதும் கட்டளையிட்டதில்லை. ஏசுநாதர் சிலுவையில் உயிர்விட்ட கிழமையாதலால் அன்று மாமிசம் கூடாது என்பதே விதி. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் இதைச் 'சுத்தபோசனம்' என்று அழகாகச் சொல்வார்கள். 'ஒருசந்தி' வேறு, இது வேறு. ஆடு, மாடு, கோழி விலக்கு. மீனும் நண்டும் இறாலும் விலக்கல்ல. 2010ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகர ஆர்ச் பிஷப், முதலை இனத்தைச் சேர்ந்த 'அலிகேட்டர்' மீன் கணக்கில்தான் சேரும் என்று ஒரு பக்தருக்குக் கடிதமே எழுதிக் கொடுத்தார்! ஏழை வீட்டுக் கோழிக்குழம்பு விரதத்துக்குப் பங்கம், பணக்காரர் மேஜையில் சிங்க இறால் வைத்தால் பங்கமில்லை! பாமரனுக்கு இது விளங்காதுதான்.

இந்த விரதத்தின்மீது அரசாங்கங்களும் கண் வைத்ததுண்டு. எலிசபெத் ராணியின் காலத்து இங்கிலாந்து கத்தோலிக்க மதத்தைக் கைவிட்ட நாடு. ஆயினும் 1563ஆம் ஆண்டில் மந்திரி வில்லியம் செசில் புதன்கிழமையையும் மீன் நாளாக்கிச் சட்டம் செய்தார். ஆன்மாவைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. மீன் விற்றால் படகுகள் பெருகும், படகுகள் பெருகினால் கடற்படைக்கு மாலுமிகள் கிடைப்பார்கள் என்பது கணக்கு. இந்தச் சட்டப்படி மீன் தின்பது மோட்சத்துக்கு அவசியம் என்று யாராவது பிரசங்கம் செய்தால், பொய்ச் செய்தி பரப்பியவர் என்று தண்டனை உண்டு என்றும் அதே சட்டத்தில் எழுதி வைத்தார்கள்!

ரொட்டிக் கடையின் கவலை

கட்டாயம் இருந்த காலத்தில் அதன் பிடி எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பதற்குச் சின்சின்னாட்டி நகரில் ஒரு சாட்சி உண்டு. அங்கே லூ க்ரோயன் என்பவர் மெக்டொனால்ட் கடை நடத்தி வந்தார். மாட்டிறைச்சி ரொட்டிதான் கடையின் சரக்கு. சுற்றுவட்டாரத்தில் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர். வெள்ளிக்கிழமை வந்தால் கடை காற்றாடியது. க்ரோயன் மீன் துண்டைப் பொரித்து ரொட்டிக்குள் வைத்தார். கம்பெனித் தலைவர் ரே கிராக்குக்கு இது பிடிக்கவில்லை. அவர் அன்னாசித் துண்டு வைத்த ரொட்டியைக் கொண்டுவந்தார். 1962ஆம் ஆண்டு தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரண்டையும் விற்றுப் பார்த்தார்கள். மீன் ரொட்டி 350, அன்னாசி ரொட்டி ஆறு என்று க்ரோயன் பிற்காலத்தில் சொல்வதுண்டு.

நான்கு ஆண்டுகள் சென்றன. 1966 பிப்ரவரியில் போப்பாண்டவர் ஆறாம் பால், தவமுயற்சிகளை அந்தந்த நாட்டு நிலைக்கேற்ப மாற்றிக்கொள்ள பிஷப்புகளுக்கு வழிவிட்டார். நவம்பரில் அமெரிக்க பிஷப்புகள், தவக்காலம் தவிர மற்ற வெள்ளிக்கிழமைகளில் கட்டாயம் இல்லை என்று அறிவித்தனர். 'விரதத்தை விடுங்கள்' என்று அவர்கள் சொல்லவில்லை. சட்டத்துக்கு அஞ்சி விட்டதை இனி அன்பினால் விடுங்கள் என்றுதான் கேட்டார்கள்.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? மீன் சந்தையைப் பார்த்தாலே போதும். பிரெடெரிக் பெல் என்ற பொருளாதார நிபுணர், அமெரிக்காவின் வடகிழக்குக் கரையான நியூ இங்கிலாந்தில் மீன் விலையை ஆராய்ந்து 1968ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். இறக்குமதி, வருமானம் முதலிய மற்றக் காரணங்களைக் கழித்துப் பார்த்தபோதும், விரதம் தளர்ந்ததால் விலை சராசரி 12.5 சதவீதம் இறங்கியிருந்தது. கோவிலில் யாரையும் எழுப்பி நிறுத்தி, 'நீ பக்திக்காக விட்டாயா, பயத்துக்காக விட்டாயா?' என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. துறைமுகத்து ஏலத்திலேயே பதில் வந்துவிட்டது. நஷ்டம் யாருக்கு என்றால், பனிக்காற்றில் வலை இழுத்தவனுக்கு.

கட்டிப் பார்த்த இங்கிலாந்து

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1985ஆம் ஆண்டில் இதே தளர்வு வந்தது. ஆனால் அங்குள்ள பிஷப்புகள் 2011 செப்டம்பரில் விரதத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பலன் என்ன? கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டை மாற்றிக்கொண்ட கத்தோலிக்கர் 28 சதவீதம். அவர்களிலும் மாமிசத்தை அறவே விட்டவர்கள் பாதிக்கும் குறைவு. மற்றவர்களில் பெரும்பாலோர் குறைத்துக்கொள்ள முயன்றார்கள், அவ்வளவே.

கால் பங்குக்குச் சற்று அதிகம் என்று உதட்டைப் பிதுக்கலாம். ஆனால் அந்தச் சிறு மாற்றத்தாலேயே ஆண்டுக்கு 55,000 டன் கரியமிலப் புகை மிச்சமாயிற்று என்றும் அவர்களே கணக்கிட்டிருக்கிறார்கள். குட்ஸியாக்கின் வாதத்துக்கு இது பக்கபலம்தான். கத்தோலிக்கர் தொகை அமெரிக்காவில் இதைவிடப் பல மடங்கு அல்லவா?

ஆனால் மாமிசத்தை விட்டவர்கள் எல்லாரும் மீனுக்குத் திரும்பினால் கடல் தாங்குமா? 1966இல் மீன் விலை போகவில்லையே என்று வருந்திய நியூ இங்கிலாந்தில், பிறகு மீனே அருகிப்போயிற்று. காட் மீனுக்கும் ஹாடக் மீனுக்கும் பேர்போன ஜார்ஜஸ் திட்டில் பெரும் பரப்புகளை 1994 டிசம்பரில் மூடவேண்டி வந்தது. பருப்பும் காய்கறியும் உண்டாலும் விரதம் விரதம்தான். விதியில் மீன் என்ற சொல்லே இல்லை. இருந்தாலும் மக்கள் மனத்தில் வெள்ளிக்கிழமை என்றால் மீன் என்றாகிவிட்டதே! க்ரோயன் தொடங்கிய ரொட்டி இன்னும் அமெரிக்கா முழுவதும் விற்கிறது, தவக்காலத்தில் கூடுதலாகவே விற்கிறது. அதற்குள் வைக்கும் 'பொல்லாக்' மீன் வருவது தூரத்து அலாஸ்காக் கடலிலிருந்து.