கடல் தெரியும் மனை விற்பனைக்கு!

பேப்பரைப் பிரித்தால் முழுப்பக்க விளம்பரம். தென்னை, ஊஞ்சல், பின்னால் நீலமாகக் கடல். 'மாமல்லபுரம் தாண்டினால் உங்கள் சொர்க்கம்!' நீங்களும் ஒரு பெருமூச்சு விட்டிருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய் இறங்கினால், புரோக்கர் இளநீர் வெட்டிக் கொடுத்துக்கொண்டே சொல்வார்: "சார், இது பாதுகாக்கப்பட்ட ஏரியா. உங்களுக்கு முன்னாடி எவனும் கட்ட முடியாது. காலத்துக்கும் கடல் தெரியும்!"

அந்தப் பேச்சைக் கொஞ்சம் உற்றுக் கேளுங்கள். கட்டாதே என்று சொல்கிற சட்டத்தையே சரக்காக்கி விற்கிறார் மனிதர். மற்றவன் கட்டக்கூடாது, நான் மட்டும் கட்டலாம். நாம் காசு கொடுத்து வாங்கப்போகும் அமைதியின் லட்சணம் இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1991-ல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைப்படி, உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு உண்டு. கிராமப்புறக் கடற்கரையில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டடமே கூடாது. 200-லிருந்து 500 வரை வீடு கட்டலாம். யாருக்காக? மீனவக் கிராமங்களைப் போல, வழிவழியாக அங்கே உரிமையும் புழக்கமும் உள்ளவர்களுக்காக. அதுவும் 9 மீட்டர் உயரத்துக்குள், தரைத்தளமும் ஒரு மாடியும்தான். அண்ணா நகரிலிருந்து வீக் எண்டுக்கு வந்து வஞ்சிரம் வறுத்துச் சாப்பிடுவதற்காக எழுதிய விதி அல்ல இது. 2019-ல் புது அறிவிக்கை போட்டார்கள். சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வசிக்கும் ஊர் என்றால் 200 மீட்டரை 50 ஆகக் குறைக்கலாமாம். ஜனத்தொகையைப் பார்த்துவிட்டா அலை வரும்?

2004 டிசம்பர் 26-ம் தேதி வந்ததே, எதைப் பார்த்தது? அதற்குப் பிறகு 2005 மார்ச்சில் தமிழக அரசு ஓர் ஆணை போட்டது. 200 மீட்டருக்குள் வீடு சேதமான மீனவர்கள் உள்ளே தள்ளிப் போனால் ஒன்றரை லட்ச ரூபாய் மதிப்பில் இலவச வீடு. பழைய மனையை அரசிடம் விட்டுவிட வேண்டும். சரி, பாதுகாப்புக்குத்தான் என்றே வைத்துக்கொள்வோம். மீனவனுக்கு ஆபத்தாக இருக்கும் அதே மணல், நமக்கு மட்டும் எப்படி 'சீ வியூ' ஆகிறது?

"காலி மணல்தானே சார்" என்பார் புரோக்கர். காலி இல்லை. படகை ஏற்றி வைப்பதும் வலையைப் பிரித்துச் சரி செய்வதும் கருவாடு காயப்போடுவதும் அந்த மணலில்தான். தனி ஆள் பேரில் பட்டா இருக்காது. ஏனென்றால் அது ஊருக்கே சொந்தம். முதலில் காம்பவுண்ட் சுவர் வரும். அடுத்து வாட்ச்மேன் வருவார். பிறகு, "இந்தப் பக்கம் வராதே" என்று அந்த ஊர்க்காரனிடமே சொல்வார்கள்.

இன்னொன்று, தண்ணீர். மணல் மேடுகள் குடிக்கிற மழைநீர்தான், அடியில் உப்புநீருக்கு மேலே நல்ல தண்ணீராக மிதக்கிறது. மேட்டைத் தட்டி, போர் போட்டு, புல்தரைக்கும் நீச்சல் குளத்துக்கும் உறிஞ்சினால் கடல் உள்ளே வரும். உங்களுக்கு டேங்கர் லாரி வந்துவிடும். பக்கத்துக் குப்பத்துக் கிணறு என்ன ஆகும்? உங்கள் மொட்டை மாடி விளக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக்குஞ்சு, வெளிச்சம் தெரிகிற பக்கமாகத்தான் ஓடும். கடலை விட்டுவிட்டு ரோட்டுக்குப் போய் நசுங்கும்.

"பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு, பேங்கே லோன் தருது, அப்புறம் என்ன?" என்கிறீர்களா? கொச்சியில் மரடு என்று ஓர் ஊர். காயலோரத்தில் எழுந்த நான்கு அடுக்குமாடி வளாகங்களுக்கும் உள்ளூர் அனுமதி இருந்தது. 2019 மே மாதம் இடிக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஒவ்வொன்றும் சில விநாடிகளில் புழுதியானதை நாடே டி.வி-யில் பார்த்தது. வீட்டுக்காரர்களுக்கு இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் தரச் சொன்னது நீதிமன்றம். கட்டடம் இடிந்தால் வங்கிக் கடனும் கூடவே இடிந்துவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

"நாலு பேர் வந்து வீடு கட்டினால்தானே ஊருக்கு வேலை கிடைக்கும்?" என்று ஒரு கேள்வி வரும். தன் மண்ணிலேயே கேட் திறந்துவிடும் வேலை! அதற்கு நீங்கள் ஊரில் வாடகைக்கு அறை எடுத்துத் தங்குங்கள், கரையில் விற்கிற மீனை வாங்குங்கள், அலையில் காலை நனையுங்கள், திங்கட்கிழமை கிளம்பி வாருங்கள். கடல் அங்கேயேதான் இருக்கும்.

இல்லை, வாங்கியே தீருவேன் என்றால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் சர்வே எண்ணைக் கடற்கரை மண்டல வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். வில்லங்கச் சான்றிதழ் இதைச் சொல்லாது. பிறகு புரோக்கரைக் காரில் உட்கார வைத்துவிட்டு, குப்பத்துப் பெரியவர் ஒருவரிடம் கேளுங்கள்: "ஐயா, 2004-ல் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு? இந்த மணல்ல முன்னாடி யாரு வலை காயப்போட்டாங்க?"

பதில் கேட்ட பிறகும் கையெழுத்துப் போட மனம் வந்தால், உங்கள் இஷ்டம். ஒன்று மட்டும். சட்டம் போட்ட கோடு முன் மனைக்காரனுக்கு மட்டும் இல்லை, உங்களுக்கும் சேர்த்துத்தான்.