ஜில்லாவில் மூன்றில் ஒரு பங்கு நிலம், இரு மடங்கு ஜனங்கள்: சிங்கப்பூர் சமாளித்தது எப்படி?

திருவனந்தபுரம் ஜில்லாவின் பரப்பு 2,192 சதுர கிலோமீட்டர். 2011 ஜனத்தொகைக் கணக்குப்படி இங்கே 33 லட்சம் பேர். சிங்கப்பூரின் பரப்பு சுமார் 735 சதுர கிலோமீட்டர்தான். இந்த ஜில்லாவில் மூன்றில் ஒரு பங்கு. 2024 ஜூன் கணக்குப்படி அதற்குள் வசித்தவர்கள் 60 லட்சத்து 40 ஆயிரம் பேர். சதுர கிலோமீட்டருக்கு எட்டாயிரம் பேருக்கு மேல் என்றாகிறது.

இத்தனை நெருக்கடியிலும் அங்கே குடிசைப் பகுதிகள் இல்லை. அதே சமயம், அந்த நகரைக் கட்டும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு அங்கே நிரந்தர இடமும் இல்லை. சிங்கப்பூருக்குப் போக எண்ணும் தமிழ்த் தொழிலாளர்கள் இரண்டையும் தெரிந்துகொள்வது நல்லது.

தீயில் தொடங்கிய திட்டம்

சிங்கப்பூர் என்றும் இப்படி இருந்ததல்ல. 1950களில் நகர மக்களில் பெரும்பாலோர் கீற்றுக் குடிசைகளிலும், கடைகளுக்கு மேலே பலகையால் தடுத்த இருட்டறைகளிலும் காலம் தள்ளினார்கள். 1961 மே 25ந் தேதி புக்கிட் ஹோ ஸ்வீ என்ற குடிசைப் பகுதி தீப்பற்றி எரிந்தது. சுமார் 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தனர். அதற்கு முந்தைய ஆண்டுதான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஆரம்பிக்கப்பட்டிருந்தது. எரிந்த இடத்தில் அடுக்கு மாடிகள் எழும்பின. முதல் ஐந்து ஆண்டுகளில் கழகம் கட்டிய வீடுகள் 50,000க்கும் மேல்.

இதற்குப் பணமும் நிலமும் எங்கிருந்து வந்தன? 1966ல் வந்த நில எடுப்புச் சட்டம், தனியார் நிலத்தைக் குறைந்த விலைக்கு எடுக்க அரசாங்கத்துக்கு வழி செய்தது. பற்றாக்குறைக்குக் கடலைத் தூர்த்தார்கள். 1960களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த தீவு இப்படித்தான் 735 ஆக வளர்ந்தது. பணத்துக்கு வழி செய்தது தொழிலாளியின் பிராவிடண்ட் பண்டு. அந்தச் சேமிப்பைக் கொண்டே வீடு வாங்கலாம் என்று 1968ல் அனுமதித்தார்கள். இன்று அந்நாட்டுவாசிகளில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் கழக வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு வீடு சொந்தம். ஆனால் அது 99 வருடக் குத்தகையில் வரும் சொந்தம்.

ஒவ்வொரு கட்டிடத்திலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் இத்தனை வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று 1989ல் விதி வந்தது. தமிழன் தெரு, சீனன் தெரு என்று தனித்தனியே ஒதுங்க இடமில்லை. விரும்பியவருக்கு வீட்டை விற்க முடியாமல் சிரமப்படுவோரும் உண்டு.

கட்டுகிறவர்களின் நிலை

2024ல் அங்கிருந்தவர்களில் 18 லட்சத்து 60 ஆயிரம் பேர் பிரஜைகளும் அல்லர், நிரந்தரவாசிகளும் அல்லர். அதாவது பத்துப் பேரில் மூன்று பேர். கட்டிட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் போகும் தமிழ்நாட்டுத் தொழிலாளர் இந்தக் கணக்கில் வருகிறவர்கள். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் தமிழ்க் குரல்தான் கேட்கும். ஆனால் வொர்க் பெர்மிட்டில் போன கட்டிடத் தொழிலாளி குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாது. கழக வீட்டைச் சொந்தமாக வாங்கவும் முடியாது. பெரும்பாலோருக்கு டார்மிட்டரிதான் வாசம். லாரியின் பின்புறத்தில் ஆட்களை ஏற்றிச் செல்வது இன்னும் தடை செய்யப்படவில்லை.

இதன் விலை 2020ல் தெரிந்தது. டார்மிட்டரிகளில் இருந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் அதிகம். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரை அந்த ஆண்டு முடிவதற்குள் கொரோனா தொற்றியது. ஊர்க்காரர் வீடுகளில் அடங்கியிருந்த நோய் இங்கே பரவியதற்கு ஒரே அறையில் பலர் படுத்ததும், குளியலறையும் சமையலும் பொதுவாக இருந்ததும் காரணங்கள். புதிதாகக் கட்டும் டார்மிட்டரிகளில் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்று 2021ல் விதி செய்தார்கள்.

போகும் முன் கவனிக்க

1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் கீழ் இந்திய அரசு வைத்துள்ள கிளியரன்ஸ் பட்டியலில் வளைகுடா நாடுகளும் மலேசியாவும் உண்டு; சிங்கப்பூர் இல்லை. எனவே பத்தாவது தேறாதவர்கள் துபாய்க்குப் போகும்போது நடக்கும் அரசாங்கச் சரிபார்ப்பு, சிங்கப்பூர் விஷயத்தில் நடப்பதில்லை. தொழிலாளியே விழிப்பாக இருக்க வேண்டும். சிங்கப்பூர் ஏஜென்ட் வாங்கக்கூடிய கமிஷன், ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம். எவ்வளவு நீண்ட ஒப்பந்தமானாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கூடாது. ஊரில் உள்ள தரகருக்குக் கொடுக்கும் பணத்தை இந்த விதி தொடாது. நிலத்தை அடமானம் வைத்துக் கட்டிய பணம் திரும்பி வருவதற்குள் பெர்மிட் காலம் முடிந்துபோனால் மிஞ்சுவது கடன்தான்.

கேரளத்துக்கும் பாடம்

ஜன நெருக்கடி என்பது தீராத வியாதி அல்ல என்று சிங்கப்பூர் காட்டிவிட்டது. நிலமும் சேமிப்பும் ஒரு கையில் சேர்ந்தால் வீடு கட்டலாம். யாருக்குக் கட்டுவது என்பதுதான் கேள்வி. கேரளத்தில் வெளிமாநிலத் தொழிலாளர் 25 லட்சம் என்று 2013ல் திருவனந்தபுரத்தின் குலாட்டி நிதி நிலையம் மதிப்பிட்டது. அவர்களுக்காக 2010லேயே நல நிதித் திட்டம் கொண்டுவந்த பெருமை கேரளத்துக்கு உண்டு. ஆனால் 2019ல் பாலக்காடு கஞ்சிக்கோட்டில் திறந்த 'அப்னா கர்' விடுதியில் தங்கக்கூடியவர்கள் 620 பேர்தான். மற்றவர்கள் வாடகை அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர் என்று அடைந்து கிடக்கிறார்கள். 2020ல் சிங்கப்பூர் கொடுத்த விலையை இங்கேயும் கொடுத்த பிறகுதான் யோசிக்க வேண்டும் என்பதில்லை.