இன்னும் யாருக்கும் கேட்காத சுருதி!

2015 செப்டம்பர் 14. அமெரிக்காவில் இருக்கும் இரண்டு லைகோ ஆய்வகங்களும் முதன்முறையாக ஓர் ஈர்ப்பு அலையைப் பதிவு செய்தன. இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றானபோது கிளம்பிய அலை அது. சிக்னல் நீடித்தது, ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான். இரண்டே வருடங்களில் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது.

அதன்பிறகு இப்படிப்பட்ட மோதல்கள் ஏராளமாகப் பதிவாகிவிட்டன. ஆனால், இன்னொரு வகை ஈர்ப்பு அலை மட்டும் இதுவரை சிக்கவே இல்லை. மோதலில் வருவது வெடிச்சத்தம் என்றால், இது கச்சேரியில் பின்னால் ஓயாமல் ஒலிக்கும் தம்புரா சுருதி. பெயரே 'தொடர் ஈர்ப்பு அலை'தான்.

இதை எழுப்புவது யார்?

நியூட்ரான் நட்சத்திரங்கள். ஒரு பெரிய நட்சத்திரம் வெடித்துச் சாகும்போது மிஞ்சுகிற உள்பகுதி இது. குறுக்களவு சுமார் 20 கிலோமீட்டர்தான். ஆனால், நம் சூரியனைவிடக் கனம். சில நட்சத்திரங்கள் ஒரே நொடியில் நூற்றுக்கணக்கான முறை சுழல்கின்றன.

உருவம் சீராக இருந்தால், எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் ஈர்ப்பு அலை வராது. ஒரு பக்கம் கொஞ்சம் மேடாக இருந்தால் அலை கிளம்பிவிடும். அந்த மேட்டை விஞ்ஞானிகள் 'மலை' என்கிறார்கள். மலை என்றதும் இமயமலையை நினைத்துவிடாதீர்கள். இதன் உயரம் ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தாண்டாது என்பதுதான் பலரின் கணிப்பு!

விடாமல் ஒலிக்கிற சுருதியைப் பிடிப்பது சுலபம்தானே என்று தோன்றலாம். அங்கேதான் சிக்கல். இந்த அலை மிக மிக மெல்லியது. மாதக்கணக்கில் பதிவான தகவல்களை ஒன்றுசேர்த்தால்தான் இரைச்சலிலிருந்து மேலே எழும். அதற்குள் பூமி சும்மா இருக்கிறதா? நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது. ரயில் நெருங்கும்போதும் விலகும்போதும் ஹாரன் சத்தம் மாறுவதுபோல, அலையின் சுருதியும் மாறிக்கொண்டே இருக்கும். நட்சத்திரம் இருக்கும் திசை தெரிந்தால் கணக்குப் போட்டுச் சரிசெய்யலாம். தெரியாவிட்டால், வானத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனிக் கணக்கு!

திசை தெரிந்தாலும் சோதனை தீராது. 1054-ல் சீன வானியலாளர்கள் பார்த்துக் குறித்துவைத்த நட்சத்திர வெடிப்பின் மிச்சம்தான் கிராப் பல்சர். நொடிக்குச் சுமார் 30 முறை சுழல்கிறது. ஒரு சுழற்சிக்கு இரண்டு அலை என்பதால் நொடிக்கு ஏறக்குறைய 60 அலைகள் வர வேண்டும். அமெரிக்காவில் ஓடும் மின்சாரத்தின் அதிர்வும் நொடிக்கு 60! விஞ்ஞானிகள் தேடும் இடத்துக்குப் பக்கத்திலேயே கரன்ட்டின் இரைச்சல்.

கிராப் பல்சரின் சுழற்சி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வருகிறது. இழக்கும் ஆற்றலில் ஈர்ப்பு அலையாகப் போவது 4 சதவிகிதத்துக்கு மேல் இருக்காது என்று 2008-ல் லைகோ குழு சொன்னது. அலை கேட்காததை வைத்தே போட்ட கணக்கு இது. பிறகு, அதிவேகமாகச் சுழலும் சில நட்சத்திரங்களில் மேடு இருந்தால் அது தலைமுடியின் தடிமன் அளவுக்குள்தான் இருக்கும் என்பதும் இதே வழியில்தான் தெரிந்தது.

இந்தத் தேடலில் நாமும் சேரலாம். 2005-ல் தொடங்கிய 'ஐன்ஸ்டைன் அட் ஹோம்' திட்டம், பொதுமக்களின் கணினி சும்மா இருக்கும் நேரத்தில் அதற்கு இந்தக் கணக்குகளைக் கொடுக்கிறது. ரேடியோ தொலைநோக்கித் தகவல்களையும் அலசுகிறது. அப்படித்தான் 2010-ல், அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இருந்த தன்னார்வலர்களின் கணினிகள் ஒரு புதிய பல்சரையே கண்டுபிடித்தன.

இதற்கு ஏன் இத்தனை பாடு? நியூட்ரான் நட்சத்திரத்துக்குள் பொருள் எந்த அளவுக்கு நசுங்கியிருக்கிறது என்பதை எந்த ஆய்வகத்திலும் செய்து பார்க்க முடியாது. அந்தச் சுருதி கேட்டால், மேட்டின் உயரம் தெரியும். உயரம் தெரிந்தால், அதைத் தாங்கி நிற்கும் தரை எவ்வளவு உறுதி என்பதும் தெரியவரும். மகாராஷ்டிராவின் ஹிங்கோலியில் லைகோ-இந்தியா அமைக்க 2023-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்திருக்கிறது. அது வேலை செய்ய ஆரம்பித்தால், காத்திருக்கும் காதுகளில் ஒன்று நம் ஊரிலும் இருக்கும்.