வாங்கும் முன் கவிழ்த்துப் பாருங்கள்



தோட்டத்துப் பள்ளி ஆசிரியருக்குப் பாடம் நடத்துவது மட்டுமே வேலை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பாரம் நிரப்புவது, மலாய்க் கடிதத்தைப் படித்துச் சொல்வது, மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி விசாரிப்பது எல்லாம் அவர் தலையில்தான் விழும். போன மாதம் ஒரு புது வேலையும் வந்து சேர்ந்தது. பழைய மீன்பிடிப் படகு ஒன்றைப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்!

பேராக் ஆறு கடலோடு கலக்கும் பாகான் டத்தோ பக்கம் இருக்கிறது எங்கள் தோட்டம். செம்பனையும் தென்னையும் முடியும் இடத்தில் பாக்காவ் மரங்கள் தொடங்கும். அதைத் தாண்டினால் ஆறு. முப்பது ஆண்டுகள் செம்பனைக் குலை வெட்டிய ஓர் அண்ணன், 55 வயதானதும் ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"வாத்தியாரே, பதினெட்டு அடி ஃபைபர் போட்டு. பதினஞ்சு குதிரை மோட்டாரு. எட்டாயிரம் வெள்ளிதான் கேக்கறான். புதுசு மாதிரி மின்னுது!" என்றார்.

அன்று இரவே அவருடைய மனைவி வந்தார். "சார், மகள் கல்யாணத்துக்கு வெச்சிருக்கற காசுலேருந்து எடுக்கறாரு. அவருக்கு நீச்சல்கூட தெரியாது. நீங்க சொன்னா கேப்பாரு" என்று சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றார்.

'மின்னுது' என்ற சொல் என்னைத் தூங்க விடவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் என் மச்சானும் இப்படித்தான் ஒரு மரப்படகு வாங்கினார். பச்சை வர்ணம் பளபளத்தது. மூன்றாம் மாதம் ஆற்றின் நடுவில் அடிப்பலகை பிய்ந்தது. மச்சானும் அவர் நண்பரும் பாக்காவ் வேரைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை கிடந்தார்கள். சேற்றில் புதைந்த அந்தப் பலகையைப் பிறகு உடைத்துப் பார்த்தோம். வெளியே குண்டூசித் தலை அளவு துளைகள். உள்ளேயோ விரல் நுழையும் அளவு பொந்துகள்! உப்புத் தண்ணீரிலும் ஆற்று முகத்திலும் மரத்தைத் துளைக்கும் புழுவின் வேலை அது. பார்ப்பதற்குப் புழு போல இருந்தாலும் உண்மையில் அது சிப்பி இனத்தைச் சேர்ந்தது.

விற்றவரைக் குறை சொல்லிப் பயன் என்ன? பேரம் பேசும்போது நானும் பக்கத்தில்தான் நின்றேன். கவிழ்த்துப் பார்க்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் குறை இன்றும் என் நெஞ்சில் இருக்கிறது. அதனால்தான் இம்முறை அண்ணனோடு நானும் போனேன்.

முதல் விதி: தண்ணீரில் மிதக்கும் படகை விலை பேசாதீர்கள். தண்ணீர் வற்றும் நேரமாகப் போய், கரையில் ஏற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். மரப்படகானால் சிறு சுத்தியால் அடிப்பலகை முழுவதும் தட்டுங்கள். நல்ல மரம் 'டங்' என்று ஒலிக்கும். உளுத்த மரம் 'தொப்' என்று செத்த ஓசை தரும். ஐயம் வந்த இடத்தில் பேனாக்கத்தி முனையால் குத்துங்கள். எளிதாக இறங்கினால் அந்தப் பலகை போயிற்று. புது வர்ணம் பூசிய இடத்தை இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள்.

ஃபைபர் படகைப் புழு தின்னாது. ஆனால் அதற்கும் நோய் உண்டு. மோட்டார் மாட்டும் பின்பலகைக்குள் பெரும்பாலும் ஒட்டுப்பலகை வைத்து மூடியிருப்பார்கள். ஆணித் துளை வழியாகத் தண்ணீர் இறங்கினால் அது உள்ளுக்குள்ளேயே அழுகிவிடும். மோட்டாரின் அடிக்காலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். மோட்டாரோடு பின்பலகையும் வளைந்து கொடுத்தால் அந்தப் படகு வேண்டாம். நடுக்கடலில் மோட்டார் பலகையோடு பிய்ந்து போகும். நாங்கள் பார்த்த படகில் அதுதான் நடந்தது. அண்ணன் அசைத்தார், பலகை முனகியது.

அடுத்தது மோட்டார். போனவுடன் மூடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஆறிய மோட்டார் எத்தனை இழுப்பில் கிளம்புகிறது என்பதுதான் உண்மையான சோதனை. தண்ணீரில் வைத்து ஓட்டும்போது பின்புறச் சிறு துளையிலிருந்து நீர் விடாமல் பீச்ச வேண்டும். பீச்சாவிட்டால் குளிர்ச்சி நீர் ஓடவில்லை என்று பொருள். மோட்டார் சூடேறிக் கெட்டுவிடும்.

பிறகு கீழ்ப்பகுதியில் உள்ள கியர் எண்ணெயைச் சில சொட்டுகள் இறக்கச் சொல்லுங்கள். பால் ஊற்றிய காப்பி போல இருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. விசிறியில் தூண்டில் நரம்பு சுற்றிக்கொண்டு நீர்காப்பு வளையத்தை அறுத்துவிட்டாலும் இப்படி ஆகும். கடைசியாக, படகில் உங்களோடு எத்தனை பேர் போவார்களோ அத்தனை பேரையும் ஏற்றி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். திரும்பி வந்ததும் அடித்தட்டைத் தூக்கி, உள்ளே எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

மூன்றாவது காகிதம். இதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். படகின் முகப்பில் எழுதிய எண்ணும் உரிமத்தில் உள்ள எண்ணும் ஒன்றா? உரிமத்தில் விற்பவர் பெயர் இருக்கிறதா? மோட்டாரில் பதித்த எண் ரசீதில் உள்ள எண்தானா? எண்ணைச் சுரண்டியிருந்தால் அது திருட்டு மோட்டாராக இருக்கலாம். பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். 1985ஆம் ஆண்டின் மீன்வளச் சட்டப்படி உரிமம் படகோடு தானாகக் கைமாறிவிடாது. ஆகவே முன்பணம் கொடுக்கும் முன்பே விற்பவரையும் அழைத்துக்கொண்டு மீன்வள அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். விற்பதற்கு மீன் பிடித்தாலும் சரி, வீட்டுக் குழம்புக்குப் பிடித்தாலும் சரி, எதற்கு என்ன அனுமதி வேண்டும் என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். பணம் கொடுக்கும்போது இருவரின் அடையாளக் கார்டு எண்ணோடும் சாட்சிக் கையெழுத்தோடும் ரசீது எழுதி வாங்குங்கள்.

அன்று நாங்கள் அந்தப் படகை வாங்கவில்லை. எண்ணெயும் காப்பி நிறத்தில்தான் இருந்தது. "வாத்தியாரைக் கூட்டிக்கிட்டு வந்தா யாவாரம் எங்க நடக்கும்?" என்று விற்பவர் முணுமுணுத்தார். அண்ணனும் வழி முழுவதும் என்னோடு பேசவில்லை. ஆசைப்பட்ட மனிதரல்லவா!

இரண்டு வாரம் கழித்து அவரே தேடி வந்தார். கம்பத்துப் பெரியவர் ஒருவர் தம் பழைய படகை விற்கிறாராம். போய்ப் பார்த்தோம். வர்ணமே இல்லை. ஒட்டுப் போட்ட இடங்கள் வெட்ட வெளிச்சமாகத் தெரிந்தன. எந்த ஒட்டு எப்போது போட்டது என்று பெரியவர் தாமே தொட்டுக் காட்டினார். பின்பலகை அசையவில்லை, மோட்டார் இரண்டாவது இழுப்பில் கிளம்பியது, காகிதம் அவர் பெயரில் இருந்தது. 5,500 வெள்ளிக்கு முடிந்தது. மிச்சப் பணத்தை அண்ணன் மனைவியிடமே கொடுத்துவிட்டார்.

அந்த அம்மாள் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? வலை வாங்கும் முன்பே இரண்டு மிதவைச் சட்டைகள் வாங்கினார். நம் மலாக்கா நீரிணையில் ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை 'சுமத்ரா' என்னும் சூறைக்காற்று வரும். அதுவும் பெரும்பாலும் விடியற்காலையில், படகுகள் கிளம்பும் நேரத்தில்தான் வரும். எவ்வளவு நல்ல படகானாலும் அந்தச் சட்டையும் துடுப்பும் தண்ணீர் இறைக்கும் வாளியும் இல்லாமல் கரையை விட்டுக் கிளம்பக் கூடாது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டு வாசலில் நாளிதழில் சுற்றிய கெளுத்தி மீன் இரண்டு இருந்தன. கொண்டு வந்தவர் அண்ணன் மனைவி. "சார், அவரு இப்பல்லாம் சட்டைய மாட்டிக்கிட்டுத்தான் போறாரு. நானும் இப்பதான் தூங்கறேன்" என்று சிரித்தார்.