அடியில்லாக் கிணறும் அளவுள்ள நீரும்

உலகத்து வியப்புகளைத் தொகுத்து வாசிப்பதில் நம்மவர்க்கு என்றுமே தனி ஆர்வம் உண்டு. ஒட்டகம் நீரின்றி எத்தனை நாள் நடக்கும், மின்னலின் வெப்பம் எவ்வளவு, ஒரு கறையான் புற்றில் எத்தனை உயிர்கள் வாழும் என்ற செய்திகளைச் சிறுவர் முதல் முதியோர் வரை விரும்பிப் படிக்கின்றனர். இதிற் குற்றம் ஒன்றுமில்லை. ஆயின், இத்துணுக்குகள் பெரும்பாலும் “ஏன்?” என்ற வினா எழும் முன்னரே முடிந்துவிடுகின்றன. காரணம் அறியாத வியப்பு நம்மைச் சற்று நேரம் மகிழ்விக்கும். காரணம் அறிந்த வியப்போ நமக்கு ஒரு கடமையையும் உணர்த்தும். இதனை மெய்ப்பிக்கத் தொலைவிலுள்ள நாடுகளுக்குச் செல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலுள்ள நிலாவரைக் கிணறு ஒன்றே போதும்.

புத்தூர்ப் பகுதியிலே, நவக்கிரியில் உள்ள இந்தக் கிணற்றை அறியாதார் நம்மிடையே மிகச் சிலரே. தாகத்தால் வருந்திய வானர சேனைக்காக இராமபிரான் அம்பினால் நிலத்தைத் துளைத்த இடம் இது என்பது ஐதிகம். இதற்கு அடியே இல்லை என்பர். இதில் இட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில் மிதந்து வரும் என்றும் சொல்வர். மேலே உள்ள நீர் நன்னீராய் இருக்க, ஆழம் செல்லச் செல்ல உவர்ப்பு மிகும் என்பது மட்டும் கதையன்று. அளந்து அறிந்த உண்மை. நன்னீரும் உவர்நீரும் ஒரே கிணற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பது எங்ஙனம்?

குடாநாட்டிலே, மாரியில் மாத்திரம் ஓடும் வழுக்கையாற்றைத் தவிர ஆறு எனச் சொல்லத்தக்கது எதுவுமில்லை. மலையுமில்லை. மூன்று புறமும் கடல், உள்ளேயும் கடனீரேரிகள். ஆண்டுக்கு ஏறத்தாழ 50 அங்குல மழை. அதிற் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையுள்ள மாதங்களிற் பெய்து ஓய்ந்துவிடும். இத்தகைய நிலத்திலே இலட்சக்கணக்கான மக்கள் பன்னூறாண்டு வாழ்ந்து, தோட்டஞ் செய்து, கோடையிலும் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவித்தனர். இராமன் அம்பை விட இதுவே எனக்குப் பெரிய அதிசயமாகப் படுகின்றது.

இவ்வதிசயத்தின் இருப்பிடம் நம் செம்மண்ணுக்குக் கீழேயுள்ள சுண்ணக்கல். மயோசீன் எனப்படும் காலத்திலே, இற்றைக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர், ஆழமற்ற கடலின் அடியிற் படிந்த சிப்பிகளும் சிற்றுயிர்களின் ஓடுகளும் இறுகி உண்டான கல் அது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிக் கீழிறங்குகின்றது. அந்த அமிலம் சுண்ணக்கல்லைச் சிறிது சிறிதாக அரித்து, வெடிப்புகளையும் குகைகளையும் சுரங்க வழிகளையும் உண்டாக்குகின்றது. குகையின் கூரை இடிந்து வீழ்ந்த இடத்தில் நிலாவரை போன்ற பள்ளம் தோன்றுகின்றது. மெக்சிக்கோ நாட்டின் யூக்கற்றான் குடாநாடும் இவ்வாறான சுண்ணக்கல் நிலமே. அங்கும் வடபகுதியில் ஆறுகள் இல்லை. இடிந்த குகைகளே கிணறுகள். மாயா மக்கள் சிச்சென் இற்சா என்ற புகழ்பெற்ற நகரை அத்தகைய கிணறுகளின் அருகிலேயே அமைத்தனர். அங்கும் மேலே நன்னீர், கீழே உவர்நீர்.

இதற்குரிய விளக்கத்தை ஒல்லாந்து நாட்டவரான படோன் கைபன் என்பவர் 1888ஆம் ஆண்டளவிலும், ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க் என்பவர் 1901ஆம் ஆண்டிலும் எழுதினர். கடல்நீர் நன்னீரிலும் அடர்த்தி கூடியது; நன்னீர் 1000 பங்கு நிறையுடையதாயின், அதே கன அளவுள்ள கடல்நீர் ஏறத்தாழ 1025 பங்கு நிறையுடையது. இச்சிறு வேறுபாட்டினாலே, நிலத்தடியிற் புகுந்துள்ள கடல்நீரின்மேல் மழைநீர் மிதக்கின்றது. கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி வரை நன்னீர் நிற்கும் என்பது அவர்கள் கண்ட கணக்கு. இரண்டும் கோடு கிழித்தாற்போற் பிரிந்து நிற்பதில்லை. இடையே கலப்பு நீரும் உண்டு. எனினும் கணக்கின் சாரம் அதுவே.

பாரம் ஏற்றிய தோணி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நீருக்கு மேலே தெரிவது சிறிது. நீருள் அமிழ்ந்திருப்பது பெரிது. நம் நிலத்தடி நன்னீரும் கடலின்மேல் மிதக்கும் ஒரு தோணியே. மாரி அதிற் பாரம் ஏற்றுகின்றது. கீரிமலை போன்ற கரையோர ஊற்றுகளில் அந்நீரின் ஒரு பகுதி தானாகவே கடலுக்கு வழிகின்றது. தேசிக்காய்க் கதையை யான் மெய்யென்று கொள்ளவில்லை. ஆயினும், நிலத்தின் கீழே நீர் வழி தேடி ஓடுகின்றது என்று நம் முன்னோர் உணர்ந்திருந்தனர் என்பதற்கு அக்கதை ஒரு சான்று.

இனி, இக்கணக்கின் மறுபக்கத்தைப் பார்ப்போம். தோணியின் பாரத்தை இறக்கினால் அதன் அடி மேலெழும். அவ்வாறே, நன்னீரின் மேல்மட்டம் 1 அடி தாழ்ந்து, அந்நிலை நீடிக்குமாயின், கீழுள்ள உவர்நீர் காலப்போக்கில் 40 அடி மேலேற இடமுண்டு. நாம் மேலே காண்பது ஓரடிக் குறைவு. காணாமல் இழப்பது நாற்பதடி நன்னீர். துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக நின்றது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. மீண்டும் துலாவுக்குச் செல்க என்று யான் கூறவில்லை. துலா மிதித்தவர்களின் கால்வலியை அறிந்த எவரும் அவ்வாறு கூறார். காவலாயிருந்த களைப்பு நீங்கியபின், அவ்விடத்தில் அறிவைக் காவல் வைத்தோமா என்பதே என் வினா.

உவர்ப்பு ஒன்றே ஆபத்தன்று. வெடிப்புகள் நிறைந்த சுண்ணக்கல் மழைநீரை விரைந்து உட்கொள்வது போலவே, தோட்டத்தில் மிகையாக இட்ட உரத்தையும் மலகூடக் குழியின் கசிவையும் வடிகட்டாமல் உட்கொள்கின்றது. ஒரு லீற்றர் குடிநீரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. செறிவாகத் தோட்டஞ் செய்யும் நம் ஊர்களிற் பல கிணறுகள் இவ்வளவைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமுமில்லை. கைக்குழந்தையின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை அது குறைக்கவல்லது. கிணற்று நீர் தெளிவாயிருக்கின்றது என்று நாம் ஆறுதல் கொள்வது போதாது.

கடலின்மேல் மிதக்கும் நன்னீரை இழந்தவர் நிலை என்ன என்பதற்கு அயலிலுள்ள மாலைதீவின் தலைநகர் மாலே சாட்சி. அச்சிறு தீவின் அடியிலும் நன்னீர் இருந்தது. மக்கள் பெருகி, எல்லையின்றி இறைத்தமையால் அது உவராகிக் கெட்டது. 1980களின் பிற்பகுதி தொடக்கம் அந்நகர் கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரங்களை நம்பி வாழ்ந்து வருகின்றது. 2014ஆம் ஆண்டு டிசெம்பர் 4ஆந் திகதி அந்நிலையத்திற் தீ மூண்டபோது, இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் குடிநீரின்றித் தவித்தனர். விமானங்களிலும் கப்பல்களிலும் பிற நாடுகள் நீர் அனுப்ப வேண்டியதாயிற்று.

நம் பகுதியிலும் 2024ஆம் ஆண்டிலே தாளையடியில் அத்தகைய நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. குடிநீருக்கு அது உதவும், வரவேற்கின்றேன். ஆயின், அதைக் காட்டிக் கிணற்றை மறக்கலாம் என்போர் இரண்டு செய்திகளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிப்பதற்கு மிகுந்த மின்சாரம் செலவாகும். அவ்வளவு செலவிற் பெற்ற நீரை வெங்காயப் பாத்திக்கு எவராலும் பாய்ச்ச இயலாது. கிணறு உவராயின் குடும்பங்களுக்குக் குழாய்நீர் கிடைக்கலாம்; தோட்டத்துக்கு எந்நீர் கிடைக்கும்? தோட்டத்தை இழந்த உழவன் ஊரில் இருப்பானா?

“உழவன் இறைப்பதை நிறுத்தச் சொல்கின்றீரா?” என்று சிலர் கேட்பர். இல்லை. வரவறிந்து செலவு செய்யச் சொல்கின்றேன். குடாநாட்டின் குளங்களையும் கேணிகளையும் முன்னோர் வெட்டியது மழையை மண்ணுக்குள் இறக்குவதற்கே. இன்று அவற்றிற் பல தூர்ந்து கிடக்கின்றன. சில குப்பை கொட்டும் இடங்களாயின. வளவு முழுவதையும் சீமெந்தால் மூடி, வெள்ளத்தை வாய்க்கால் வழியே கடலுக்கு அனுப்பிவிட்டுக் கோடையிற் கிணறு வற்றியதென்று வருந்துகின்றோம். குளத்தைத் தூர்வாருதல், வயல் வரம்பை மாரிக்கு முன் உயர்த்துதல், உரத்தை அளந்து இடுதல், மலகூடக் குழியைக் கிணற்றுக்குத் தொலைவில் அமைத்தல் ஆகியன யாவும் நம் கைக்கு எட்டிய காரியங்கள். ஒவ்வோர் ஊர்ப் பாடசாலையும் தன் அயலிலுள்ள கிணற்றின் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் மாதந்தோறும் அளந்து எழுதி வருமாயின், அது மாணவர்க்கு விஞ்ஞானப் பாடமாகவும் ஊருக்குக் கணக்கேடாகவும் அமையும்.

நிலாவரைக்கு அடியில்லை என்ற சொல் கதையளவில் இனிது. அதை நம்பி வாழ்வது தீது. கிணற்றுக்கும் அடியுண்டு, அதிலுள்ள நன்னீருக்கோ அதனினும் மேலே ஓர் அடியுண்டு. அந்த அடி கடல். இவ்வுண்மையைப் பிள்ளைகளுக்குச் சொல்வதால் நிலாவரையின் பெருமை குறைந்துவிடாது. அதனைக் காணச் செல்வோர் எட்டிப் பார்த்து வியந்ததோடு திரும்பாமல், தத்தம் வீட்டுக் கிணற்றிலும் அதே கடலின்மேல் அதே நீரே மிதக்கின்றது என்பதை அறிந்து திரும்புவார்களாக.