எங்கள் முகவரியில் என்ன தேடுகிறீர்கள்?

நாட்டின் பாதுகாப்புக்குப் பொறுப்பான மாண்புமிகு அமைச்சர் அவர்களுக்கு,

கொழும்பில் கடைகளில் வேலை செய்யும் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பாதுகாப்புத் தரப்பினர் வழியில் மறிக்கிறார்கள். அடையாள அட்டையில் தோட்டத்து முகவரியைக் கண்டதும் தனியே நிறுத்தி விசாரிக்கிறார்கள். போக வேண்டிய இடங்களுக்கெல்லாம் மனுக் கொடுத்துவிட்டோம். பதில் இல்லை. ஆகவே ஊரறிய எழுதுகிறேன்.

சட்டம் உங்களுக்குத் தெரியும். 2019ஐ மட்டும் நினைவூட்டுகிறேன்.

அந்த ஜனவரியில் புத்தளம் வனாத்தவில்லுவில் வெடிபொருள் பிடிபட்டது. ஏப்ரல் 4ஆம் திகதி இந்தியாவிலிருந்து தாக்குதல் எச்சரிக்கை வந்தது. 11ஆம் திகதி பிரதிப் பொலிஸ் மா அதிபர் ஒருவர் கையெழுத்திட்ட கடிதத்தில், அந்தத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானின் பெயரே இருந்தது. காத்தான்குடி முஸ்லிம்கள் அதற்கு வெகு முன்பே அவரைப் பற்றி முறையிட்டிருந்தார்கள். யாரும் அசையவில்லை. 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 260க்கும் மேற்பட்டோர் செத்தார்கள்.

குண்டு கட்டியவர்கள் எல்லையைத் தாண்டி வந்தவர்கள் அல்லர். இந்த மண்ணில் பிறந்த குடிமக்கள். இருவர் கொழும்புப் பெரும் வணிகர் ஒருவரின் பிள்ளைகள். அவர்களின் கூட்டத்தார் பயிற்சி பெற்ற வீடு எங்கள் நுவரெலியா பிளாக்பூலில் இருந்ததைப் பாதுகாப்புத் தரப்பு கண்டுபிடித்தது, எல்லாம் முடிந்த பிறகு.

பிறகு யார் தண்டனை அனுபவித்தது? தீவிரவாதிகளுக்குப் பயந்து பாகிஸ்தானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஓடிவந்து நீர்கொழும்பில் குடியிருந்த அகதிகள். வாடகை வீடுகளிலிருந்து துரத்தப்பட்டு, குழந்தைகளோடு பொலிஸ் நிலையத்திலும் பள்ளிவாசலிலும் படுத்தார்கள்.

அமைச்சரே, ஆள் எங்கிருந்து வந்தான் என்று பார்ப்பதா பாதுகாப்பு? 1948இல் இந்திய வம்சாவளி என்று எங்கள் குடியுரிமையைப் பறித்தீர்கள். 2003 வரை அதற்காக அலைந்தோம். இருநூறு வருடம் இந்த மலையில் கொழுந்து பறித்தவர்களின் பேரன் இன்னமும் வந்தவன்தானா? கையில் கிடைத்த பெயரை விட்டுவிட்டு எங்கள் பிள்ளைகளின் பையைக் கிளறுவது கோழைத்தனம். அந்தத் தாக்குதல் நடந்தபோது ஜனாதிபதியாக இருந்த மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று 2023இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது எதற்காக? தகவல் இல்லாததற்காக அல்ல, கடமையைச் செய்யாததற்காக.

ஆதாரம் இருக்கும் கதவைத் தட்டுங்கள். எங்கள் பிள்ளைகளை வேலைக்குப் போக விடுங்கள்.

இப்படிக்கு,
நுவரெலியா மாவட்டத் தோட்டத் தொழிலாளியின் மகள்