தாத்தா, எப்போ பின்னாடி வருவீங்க?

எங்க அப்பா புனேக்கு வந்து மூணு வாரம் இருந்துட்டு போன மாசம்தான் கும்பகோணம் திரும்பினார். ஊர் போய்ச் சேர்ந்த அன்னிக்கு ராத்திரி போன் பண்ணினோம். நாலாங்கிளாஸ் படிக்கற எங்க வாண்டு போனைப் பிடுங்கிக் கேட்டான்: "தாத்தா, எப்போ பின்னாடி வருவீங்க?"

அப்பாவுக்குப் புரியலை. "யார் பின்னாடிடா?"ன்னார்.

தங்கமணி விழுந்து விழுந்து சிரிச்சா. எனக்கும் முதல்ல சிரிப்புதான். அப்புறம் படுக்கும்போதுதான் சுருக்குன்னது. பையன் 'கம் பேக்'கை வார்த்தைக்கு வார்த்தை தமிழாக்கியிருக்கான். 'திரும்பி வருவீங்க'ங்கறது அவன் வாய்ல வரலை.

அடுத்த ஒரு வாரம் காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டேன். பஸ்ஸிலேர்ந்து இறங்கினதை 'பஸ்ஸுக்கு வெளியே வந்தேன்'னான். மரத்துல ஏறினதை 'மரத்துக்கு மேலே போனேன்'னான். ரோட்டைத் தாண்டறது 'ரோட்டுக்கு அந்தப் பக்கம் போறது' ஆயிடுச்சு. ஏறு, இறங்கு, தாண்டு, திரும்பு, நுழை எல்லாம் காணோம். போ, வா ரெண்டை மட்டும் வெச்சுக்கிட்டு மேலே, கீழே, உள்ளே, வெளியேன்னு ஒட்டுப் போட்டு ஓட்டிக்கிட்டிருக்கான்.

இது இங்கிலீஷோட வேலை. வீட்டுப் பேச்சு இங்கிலீஷ்ல நகர்றதுக்கான வினை சும்மா ஒரு குச்சி மாதிரி. திசையைச் சொல்றது பின்னாடி வர்ற சின்ன வார்த்தை. கோ அப், கோ டவுன், கோ இன், கோ அவுட், கோ பேக். வினை இருக்கற இடத்துல எப்படி நகர்ந்தாங்கறதைப் போட்டுக்கலாம். ஓடி வெளியே வந்தா ரன் அவுட், தவழ்ந்து உள்ளே போனா கிரால் இன். தமிழ்ல இது தலைகீழ். திசை வினைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கு. இறங்குன்னா கீழேதான், மேலே இறங்க முடியாது. எப்படிங்கறது முன்னாடி எச்சமா வரும்: ஓடி ஏறினான், தவழ்ந்து தாண்டினான். லியோனார்ட் டால்மின்னு ஒரு அமெரிக்க மொழியியல்காரர் 1985-ல எழுதின கட்டுரையில, எந்த மொழி திசையை எங்கே வைக்குதுன்னு இப்படித்தான் பிரிச்சிருக்கார். (நான் பி.காம். இதெல்லாம் வாண்டு புண்ணியத்துல படிச்சது.)

பையனைச் சொல்லி என்ன பண்ண? நாமளும் இதையேதான் எதிர்த் திசையில பண்றோம். பஸ் கண்டக்டர்லேர்ந்து எங்க மேனேஜர் வரைக்கும் எல்லாரும் 'கெட் டவுன்'தான். நம்ம 'இறங்கு' அப்படியே கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு நிக்குது. அவங்க ஊர்ல பஸ், ரயில், கப்பல், விமானம்னா கெட் ஆன், கெட் ஆஃப். கார், ஆட்டோன்னா கெட் இன், கெட் அவுட். எழுந்து நின்னு நடக்கிற மாதிரி வண்டின்னா மேலே ஏறின கணக்கு, குனிஞ்சு போய் உட்கார்றதுன்னா உள்ளே போன கணக்குன்னு வெச்சுக்கலாம். இது தெரிஞ்சும் கார்ல வந்த மாமனாரைப் பார்த்து 'கெட் அவுட்'னு சொல்ல எனக்கு நாக்கு வராது. நம்ம சினிமா அந்த வார்த்தைக்குக் கொடுத்திருக்கற மரியாதை அப்படி.

நாம புத்தகத்துல படிச்ச இங்கிலீஷ் வேற ஜாதி. என்டர், அசென்ட், டிசென்ட், ரிட்டர்ன் எல்லாம் லத்தீன், பிரெஞ்சு வழியா வந்தவை. பிரெஞ்சும் நம்மள மாதிரியே திசையை வினைக்குள்ளே வெக்கற மொழி. அதனாலதான் நமக்கு அது சுலபமாப் பிடிபட்டுதுன்னு நினைக்கறேன். நுழைன்னா என்டர், திரும்புன்னா ரிட்டர்ன், ஒண்ணுக்கு ஒண்ணு. ஆபீஸ்ல லீவுல 'போறது' இல்லை, 'ப்ரொசீட்' பண்றோம். இருபது வருஷம் சர்க்குலர் படிச்சுப் படிச்சு எங்க இங்கிலீஷே சர்க்குலராப் போச்சு.

அதனால பட்ட அவஸ்தை ஒண்ணு. சில வருஷம் முன்னாடி ஒரு வெள்ளைக்கார அம்மா, நம்ம ஊர்க்காரரைக் கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க, கூட்டுக் கணக்குல பெரிய டெபாசிட் போடறதைப் பத்திப் பேச வந்தாங்க. ரெண்டு நாள் கழிச்சு போன்ல, "மை ஹஸ்பண்ட் ஹேஸ்ன்ட் கம் ரவுண்ட் யெட்"னாங்க. நான் ரொம்ப பவ்யமா, "நோ ப்ராப்ளம் மேடம், நாலு மணி வரைக்கும் பேங்க் திறந்திருக்கும்"னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அவர் இன்னும் மனசு மாறி ஒத்துக்கலைன்னு அவங்க சொல்லியிருக்காங்க. நான் வரப்போற மனுஷனுக்காக வாசலைப் பார்த்துக்கிட்டிருந்தேன். டெபாசிட் வரலை.

இத்தனைக்கும் இந்த மாதிரி வினைகளோட எனக்குப் பழக்கம் பி.காம் முதல் வருஷத்துலேயே ஆரம்பிச்சாச்சு. லெட்ஜர்ல கணக்கை முடிக்கும்போது இருப்பு கேரீட் டவுன், கீழே அதே தொகை ப்ராட் டவுன். பக்கம் மாறினா கேரீட் ஃபார்வர்ட், ப்ராட் ஃபார்வர்ட். ஒரே பணம், இங்கேர்ந்து பார்த்தா கொண்டு போறது, அங்கேர்ந்து பார்த்தா கொண்டு வர்றது. தமிழ் மீடியம் பசங்க கீ/இ, கீ/கொன்னு போடுவாங்க, கீழ் இறக்கினது, கீழ் கொணர்ந்தது. எதிர்ப்பக்கம் மாத்திப் போட்டா மார்க் போச்சு. அன்னிக்கே யாராவது, 'தம்பி, இங்கிலீஷ்ல பாதி இப்படித்தான் நடக்குது, நீ எங்கே நின்னு பார்க்கறேங்கறதுதான் விஷயம்'னு சொல்லியிருந்தா, டவுன், ஓவர், அப் எல்லாத்தையும் அப்படியே பார்த்திருப்பேன். 'கம் ஓவர்'ங்கறதுல தலைக்கு மேலே ஒண்ணும் இல்லை, உன் இடத்தை விட்டு நடுவுல இருக்கறதைத் தாண்டி என் பக்கம் வா, அவ்வளவுதான். 'வாக் அப் டு ஹிம்'ல ஏத்தம் கிடையாது, கிட்டப் போறதுதான். லிஸ்ட் போட்டு நானூறு வினையை நெட்டுரு பண்றதை விட இந்தப் பத்துப் பன்னிரண்டு சின்ன வார்த்தைகளோட குணத்தைப் பிடிக்கறது மேல்.

நம்ம கணக்கு மட்டும் என்ன? வரவுங்கறது வா, செலவுங்கறது செல். வந்தது வரவு, போனது செலவு. இங்கிலீஷ்ல இன்கம்மும் உள்ளே வர்றதுதான். ஹிந்திக்காரங்க சொல்ற ஆம்தனியும் பாரசீகத்துல 'வருதல்'லேர்ந்து வந்ததுதான். பணம் எல்லா ஊர்லயும் நடந்துதான் வருது. போறப்போ மட்டும் ஓடுது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். வாண்டோட ஸ்கூல்ல பேரன்ட்ஸ் மீட்டிங். "வீட்டுல இங்கிலீஷ்லயே பேசுங்க, இன்னும் நல்லா வருவான்"னு டீச்சர் சொல்லிட்டாங்க. அவங்க நல்ல எண்ணத்துலதான் சொன்னாங்க. அன்னிலேர்ந்து தங்கமணி சோறு போடும்போதுகூட இங்கிலீஷ். எம்.எஸ்ஸி படிச்சவ, எழுதினா ஒரு தப்பு இருக்காது. ஆனா "கெட் டவுன் ஃப்ரம் த சோஃபா"ன்னா அந்தப் பொடியன், "அம்மா, இட்ஸ் கெட் ஆஃப்"ங்கறான். நாலு நாள் ஆச்சு, அவகிட்ட பேச்சு குறைஞ்சு போச்சு. திட்டறதுக்கே யோசிச்சுத் திட்ட வேண்டியிருந்தா ஒரு அம்மா என்னதான் பண்ணுவா?

டீச்சர் சொன்னதை நான் ஒத்துக்கலை. கெட் ஆஃபும் கம் ஓவரும் அவனுக்கு ஸ்கூல்ல, டிவியில, கீழ் ஃப்ளாட் பசங்ககிட்ட தானா வந்துடும், வந்தும் ஆச்சு. அதை நாம கொடுக்கப் போனா சர்க்குலரும் கெட் டவுனும்தான் கொடுப்போம். ஆனா 'இறங்கு', 'தாண்டு', 'திரும்பு' இந்தப் புனேயில அவனுக்கு எங்க ரெண்டு பேரை விட்டா யார் கொடுப்பா? இங்கே பக்கத்து வீட்டு மராத்தி அம்மா கிளம்பும்போது 'யேதே'ன்னுதான் சொல்றாங்க, வர்றேன்னு அர்த்தம். நம்ம 'போயிட்டு வரேன்' மாதிரியே, போறேங்கற வார்த்தை வாயில வரக்கூடாது. அதைப் பையன் மராத்தியில சரியாப் பிடிச்சுக்கிட்டான். தமிழ்ல 'போறேன் தாத்தா'ன்னு போனை வெக்கறான்.

'பள்ளிக்கூடத்துல தமிழே இல்லாத ஊர்ல இதெல்லாம் வீண் பிடிவாதம்'னு ஆபீஸ் நண்பர் ஒருத்தர் சொல்றார். அவர் பொண்ணு பாட்டியோட போன்ல பேசறதே இல்லை, பேச என்ன இருக்குன்னு கேட்குது. அவருக்கு அதுல வருத்தம் இல்லைங்கறார். எனக்கு அந்த தைரியம் கிடையாது.

நேத்து ராத்திரி தங்கமணிகிட்ட சொல்லிட்டேன், டீச்சர்கிட்ட நான் பேசிக்கறேன், நீ தமிழ்லயே திட்டுன்னு. கொஞ்ச நேரத்துல ஹால்லேர்ந்து சத்தம், "டேய், சோஃபாவை விட்டு இறங்கறியா, இல்லை நான் வரட்டுமா?" இறங்கிட்டான்.